மூன்றா, நான்கா

செப்டம்பரில் இரண்டும் பாடாது.
அதுதான் சிக்கல்.

மே மாதமென்றால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.
சில்க்-சொல்க், சில்க்-சொல்க் என்று
மூடாத குழாய்போல் சொட்டினால்
அது சின்ன இலைக்குருவி.
உச்சியில் தொடங்கி, படிப்படியாய் இறங்கி,
கடைசிப் படியில் யாரோ கூப்பிட்டாற்போல் நின்றுவிட்டால்
அது தோப்பு இலைக்குருவி.
இப்போதோ, வலையில் தலைகீழாய்த் தொங்குகையில்
இரண்டும் ஒரே பாசி நிறம்,
ஒரே சின்னஞ்சிறு கோபம்.

சாரெமா தீவின் தென்முனையில் எங்கள் மரக்குடில்.
ஒரு மேசை, ஒரு தராசு,
ஒரு பழைய ஃபிலிம் சுருள் டப்பா.
குருவியைத் தலைகீழாய் அதில் செருகினால்
வாலும் கால்களும் மட்டும் வெளியே தெரிய
அடங்கியிருக்கும்.
எட்டு கிராம். எட்டரை.
லெய்டா நிறுப்பாள், ஹில்லர் வளையம் மாட்டுவான்,
இது இன்னதென்று சொல்லி எழுதுவது நான்.

சிறகை விசிறிபோல் விரிக்க வேண்டும்.
வெளியிலிருந்து எண்ண வேண்டும்.
விளிம்பில் இடை சிறுத்த இறகுகள்
மூன்றென்றால் தோப்பு, நான்கென்றால் சின்னது.
ஆறாவது இறகில்தான் வழக்கே.
அங்கே சிறுத்திருக்கிறதா,
சிறுத்திருந்தால் வேலை முடியுமே என்று பார்க்கிறோமா?
காலையும் பார்க்கலாம்: சின்னதுக்குக் கறுப்பு, தோப்புக்கு வெளிர்.
சேறு பட்டால் எல்லாக் காலும் கறுப்பு.

அன்று பனிமூட்டம்.
இரவெல்லாம் பறந்தவை, கடலைக் கடக்க மனமின்றி
எங்கள் புதர்களில் வந்து கொட்டின.
ஒன்பது மணிக்குள் முந்நூற்றுப் பதினேழு.
ஆணிக்கு ஆணி துணிப்பைகள் தொங்கித் துடித்தன.
லெய்டாவின் காப்பியில் ஓர் இறகு மிதந்தது,
ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.
"சின்னது" என்றேன். ஹில்லர் நிமிரவில்லை.
"சின்னது. சின்னது. சின்னது."
பேனா எனக்கு முன்னால் ஓடியது.
எண்ணினேனா?
எண்ணியதாகத்தான் என் கையெழுத்து சொல்கிறது.

மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது.
ஜாம்பியா தபால்தலை. மோங்கு என்ற ஊர்.
நாமசிக்கு என்ற பள்ளி ஆசிரியை
கட்டம் போட்ட தாளில் எழுதியிருந்தார்.
வகுப்பறை ஜன்னலில் மோதி விழுந்ததாம்.
வளையத்தைப் பிள்ளைகள்தான் எழுத்துக் கூட்டிப் படித்தார்களாம்.
ஒருத்தி எட்டை மூன்றென்று அடம்பிடித்தாளாம்,
வெயிலுக்கு எடுத்துப்போய்த் தீர்த்தார்களாம்.
பிறகு இப்படி:

"பெயர் எனக்குத் தெரியாது.
மிகச் சிறியது, பச்சையும் மஞ்சளும் கலந்தது.
கால்கள் தேன் நிறம்.
மாமரத்தடியில் புதைத்தோம்.
அனுப்பியிருக்க வேண்டுமென்றால் மன்னிக்கவும்."

சின்ன இலைக்குருவி அத்தனை தெற்கே போகாது.
பதிவேட்டைப் பிரித்தேன்.
இருநூற்று நாற்பதாவது வரி, எட்டு ஐம்பது,
என் கையெழுத்தில்: சின்னது.
பக்கத்துக் கட்டத்திலேயே, அதே கையெழுத்தில்,
சிறகு எழுபது மில்லிமீட்டர்.
எந்தச் சின்னதுக்கு எழுபது?

"எட்டாயிரம் கிலோமீட்டர் போய்
உன்மேல் புகார் கொடுத்திருக்கிறது" என்றான் ஹில்லர்.
லெய்டா ஒன்றும் சொல்லவில்லை,
சிவப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

அடித்துவிட்டு மேலே எழுதினேன்: தோப்பு.
முந்தைய வரியும் சின்னது. பிந்தைய வரியும்.
சிறகு அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு,
எதுவாகவும் இருந்திருக்கலாம்.
அந்த இரண்டையும் பற்றி யாரும் எழுதவில்லை.

வெளியே இன்னும் பனிக்கட்டி உடையாத விரிகுடா.
நாமசிக்குவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
பறவையின் பெயர், வளையமிட்ட நாள், இடம், தூரம்
என்று அச்சடித்த படிவம் ஒன்று உண்டு.
அதைத் திருப்பிப் போட்டு
வெற்றுப் பக்கத்தில் தொடங்கினேன்:

காலைப் பார்த்ததற்கு நன்றி.