கழிவு

மூக்கையூர் நண்டுக் கம்பெனியில்
எடை போடுகிறவன் நான்.
கூடைக்குக் கால் கிலோ கழிவு:
ஐஸ் தண்ணீருக்கு, ஒட்டிய மணலுக்கு,
முதலாளி மனசுக்கு.

படகுக்கு டோக்கன் கிடைக்காத வாரத்தில்
வந்து ஒட்டிய நாய், பெயரும் டோக்கன்தான்.
கிழிந்த வலைக் குவியலில் ஐந்து குட்டி போட்டிருந்தது.
இருபத்தெட்டு நாளில்
விலா எலும்பை எண்ணலாம்,
வயிறு மட்டும் கரையில் உப்பிய பேத்தை மீன்.
ஒன்று கக்கியதில்
வெந்த சேமியா நெளிந்தது.

சாயல்குடி மருந்தகத்தில்
லூர்துமேரி கேட்டாள், “எடை என்ன?”
முக்கால் கிலோ இருக்கும் என்றேன்.
“மருந்துக்குக் குத்துமதிப்பு கிடையாதுண்ணே.”

கம்பெனி பூட்டியபின்
வெறுங்கூடையை வைத்துப் பூஜ்ஜியமாக்கினேன்.
உயிர் நண்டுகூட இப்படி ஆடாது.
எழுநூறு, எண்ணூற்றிப் பத்து, எழுநூற்று நாற்பது...
எண் நிற்கும்வரை மூச்சைப் பிடித்திருந்தேன்.
ஐந்தையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்,
கழிக்காமல்.
உள்ளே கிடப்பதன் எடையும்
அதில்தான் சேர்ந்திருக்கும்.

தாய்க்குச் சூடை மீனுக்குள் மாத்திரை.
டோக்கன் மெல்லாமல் விழுங்கியது.
ஐஸ் பெட்டி மேல் வாழும் பூனை
மீனைத் தின்று
மாத்திரையை நக்கித் துடைத்து
மணலில் வைத்துவிட்டுப் போனது,
வாலடியில் இரண்டு அரிசி ஒட்டியிருக்க.
அரிசி நகர்ந்தது.

“தாய்கிட்டருந்துதான் வருது.
சதைக்குள்ள தூங்கும்.
சினைப்பட்டதும் முழிச்சிக்கும்.
குட்டி கண்ணு திறக்கும் முன்ன
உள்ள போயிருக்கும்.”
பிறக்குமுன்னே பிடித்துவிடும் கழிவு.
அட்வான்ஸ் வாங்கிய படகுக்காரர் வீட்டில்
பிள்ளை பிறப்பது போல.

விடியலில் வலையடியில் குவிந்ததை
முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தேன்.
அங்கேதான் என் மகள் ரெஃபினா
வெறுங்காலோடு சிப்பி பொறுக்குவாள்.
அவள் நகத்தை வெட்டினேன்,
கையை இரண்டு முறை சோப்புப் போட்டேன்.
எதற்கு என்றாள்.
செருப்பைத் தேடிக் கொடுத்தேன்.

பதினைந்தாம் நாள் மறுமருந்து.
கூடையில் நான்குதான் ஏறின.
ஆயிரத்து முன்னூறு, ஆயிரத்து நூற்று எழுபது,
ஒன்று என் விரலைக் கடித்தது.
மூன்றாவதற்கு நேரே
ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் காலை
பனிமேரி தன் கூடையை ஏற்றினாள்.
எட்டு கிலோ முன்னூற்று நாற்பது.
வழக்கம்போல் பேனா
கழிவுக் கட்டத்துக்குப் போனது.
“நாய்க்குட்டிக்கு எவ்வளவு கழிச்சீங்க?”
என்றாள்.