ஸ்டெப்னியைப் புதைத்த இடம்

மலை இல்லாத ஜில்லாவில்
நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி எதற்கு என்று
விற்கிறவனே கேட்டான்.
எங்களுக்கு ஏற்றம் என்றால்
ஆற்றங்கரை, விட்டால் மேம்பாலம்.
கல் பார்க்கப் புதுக்கோட்டை போக வேண்டும்.

ஆனாலும் ஒன்பது வண்டி சேர்ந்துவிட்டது.
வைகாசி இரண்டாம் ஞாயிறு, விடிய விடிய,
நீலத்தநல்லூர்ப் பாலத்தடியில் குத்தவைத்து
டயர்களுக்குக் காற்றிறக்கினோம்.
முப்பத்திரண்டைப் பதினாறாக்கினால்
மணல்மேல் டயர் அப்பளமாய்ப் பரவும்.
முப்பத்தாறும் சேர்ந்து சீறியதில்
கிடை போட்டிருந்தவர்
நாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முன்னால் ஜெசிந்தா.
வாரநாட்களில் வேளாங்கண்ணியில் பல் பிடுங்குகிறவள்.
வயர்லெஸ்ஸிலும் அதே குரல்தான்:
"பயப்படாதீங்க. நிறுத்தாதீங்க.
பிரேக்கை மட்டும் தொடாதீங்க."
நடுவில் அதிராம்பட்டினம் மஹ்தூமின் கூர்க்கா.
கடைசிக்கு முந்தியது கலியமூர்த்தி சாருடைய புதுத் தார்,
சீட்டில் பாலித்தீன்கூடக் கிழிக்கவில்லை.
வால் வண்டி நான்,
ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்ஸி.
விழுந்ததைப் பொறுக்குவதும்
சிக்கியதோடு நின்றுகொள்வதும் என் வேலை.

கொள்ளிடம் அன்றைக்கு வெறும் அகலம்.
ஒரு மணல் சொன்னபடி கேட்கிறது.
இன்னொன்று கேட்கிறாற்போல் இருந்து
அச்சுவரை விழுங்குகிறது.
லாரிகள் ராத்திரியில் அள்ளிய பள்ளத்தைக்
காற்று வந்து மேவி வைத்திருந்தது.
சரியாக அதன்மேல்
கலியமூர்த்தி சார் பிரேக் போட்டார்.
கேட்டதற்கு, ஆமை என்றார்.
ஆமையை வேறு யாரும் பார்க்கவில்லை.

தாருக்கு விஞ்ச் உண்டு. கயிறும் உண்டு.
கட்டுவதற்குக் கண்ணுக்கெட்டியவரை மரமில்லை.
என் ஜிப்ஸியில் மாட்டி இழுத்ததில்
அவர் வண்டி வரவில்லை,
என் வண்டி போனது.

மண்வெட்டியோடு திரும்பி நடந்து வந்த மஹ்தூம்
சுற்றிப் பார்த்துவிட்டு, "புதைக்கணும்" என்றார்.
சார் ஒரு கணம் வெளிறிப்போனார்.
ஸ்டெப்னியை.
மூன்றடி தோண்டி, டயரை நிறுத்தி,
துளைக்குப் பின்னால் கடப்பாரை குறுக்கே கொடுத்து,
கயிற்றைக் கோத்து மணல் மூடினால்
அதுதான் மரம்.

முதல் அடி சுட்டது.
அடுத்தது வெதுவெதுவென்று இருந்தது.
அப்புறம் மண்வெட்டிக்குச் சத்தம் மாறியது,
சளக்.
குழி வியர்த்தது. ஓரம் சரிந்து சரிந்து
காபி நிறத்தில் ஊறி,
நாங்கள் வாய் மூடி நின்ற நேரத்தில் தெளிந்தது.

கலியமூர்த்தி சார் நீர்வளத் துறை.
மாதா மாதம் இந்த இடத்துக்கு
'ஓட்டம்: இல்லை' என்று எழுதிக்
கையெழுத்துப் போடுகிறவர்.
மண்டியிட்டு இரண்டு கை அள்ளிக் குடித்தார்.
எதுவும் சொல்லவில்லை.
இன்னொரு கை குடித்தார்.

"வால் வண்டி, அங்க என்ன ஆச்சு?"
யோசிக்காமல் சொல்லிவிட்டேன்:
"தண்ணி வந்துடுச்சு."

கரகரப்பு. பிறகு, நான் முதல்முறையாகக் கேட்ட
ஜெசிந்தாவின் பயந்த குரல்:
"முக்கொம்புல திறந்துட்டாங்களா?
எல்லாரும் கரைக்கு! கரைக்கு!"
தூரத்தில் ஆறு வண்டிகள்
புழுதி கிளப்பிக் கரைமேல் ஒட்டிக்கொண்டு ஏறின.
ஒன்றுகூட வழுக்கவில்லை.
அன்றைய ஏற்றங்களில் அதுதான் சுத்தம்.
நான் விளக்கி முடித்தபோது
அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஒரு மணிக்குத் தார் வெளியே வந்தது.
ஸ்டெப்னி வரவில்லை.
ஈர மணல் பிடித்த பிடியை விடவில்லை.
கயிற்றை அவிழ்த்துக்கொண்டு,
கடப்பாரைக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக்
கிளம்பினோம்.

ஆடியில் கொள்ளிடம் கரை தொட்டுப் போனது.
அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன்.
தூண்களை எண்ணிக்கொண்டு வந்து, எட்டாவதில்
எண்ணிக்கை தப்பிவிட்டது.
எங்கேயோ அங்கேதான், அத்தனை தண்ணீருக்கும் கீழே
கலியமூர்த்தி சாருடைய ஐந்தாவது சக்கரம் நிற்கிறது.
அதற்கு மட்டும்
நாங்கள் காற்றிறக்கவில்லை.