ஸ்கீம்

செங்கா பெட்ரி டன்டீயிலிருந்து வந்தவள்.
ஆக்னஸ் என்று எழுதிக் கடைசி எழுத்திலிருந்து படித்தால் செங்கா.
அவள் ஊரில் அப்படியும் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களாம்.
டொலீடோவில், கண்ணாடித் தொழிற்சாலையின்
சம்பளக் கணக்குப் பிரிவில்
எனக்கு அடுத்த மேசை.

நவம்பர் நடுவில் ஒரு கடிதம் எழுதி
அறிவிப்புப் பலகையில் குத்தினாள்:
"குளிர்காலத்துக்கு என்னிடம் ஒரு ஸ்கீம் இருக்கிறது.
வாரம் ஆளுக்கு ஆறு டாலர்.
பிப்ரவரியில் உலையை அணைத்துப் பழுது பார்ப்பார்கள்,
மூன்று வாரம் சம்பளம் வராது.
அப்போது எடுத்துக்கொள்ளலாம்."

பத்து மணிக்குப் பலகையில் குண்டூசி மட்டும் இருந்தது.
பதினொன்றுக்கு லைல் ஹாஸ்டெட்லர் கூப்பிட்டார்,
கதவைச் சாத்திவிட்டுத்தான் தும்முகிற மேலாளர்.
பக்கத்தில் வக்கீல் கொரின் சாபோ.
மஞ்சள் தாளில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி
வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

யாருக்கு எதிராக ஸ்கீம்?
கூட யார் யார்?

செங்கா சிரித்துவிட்டாள். அதுதான் தப்பாகிவிட்டது.
"என் அப்பாவின் பென்ஷன் ஒரு ஸ்கீம்.
பள்ளிக்கூடத்தில் கொடுத்த பால் ஒரு ஸ்கீம்.
நான் பிறந்த குடியிருப்புக்கே பேர் ஸ்கீம்தான், ஐயா.
அங்கே மழையில் துணி காயப்போடுவோம்.
வேறு சதி எதுவும் செய்ததில்லை."

அந்தக் கரையில் முன்யோசனை.
இந்தக் கரையில் முன்விரோதம் மாதிரி கேட்கிறது.
நடுவில் எந்த அலையில் நனைந்ததோ அந்தச் சொல்.

மாலையில் காபி இயந்திரத்தடியில்
அகராதியை விரித்து உட்கார்ந்தோம்.
பிளான்? எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது,
யாரும் பயப்படுவதில்லை, நம்புவதுமில்லை.
பிளாட்? நிலத்துண்டும் அதுதான், கல்லறைக்குழியும் அதுதான்,
கதையும் கழுத்தறுப்பும் அதுதான். வேண்டாம்.
டிசைன் என்றால் திரைச்சீலை என்று நினைப்பார்கள்.
ஸ்ட்ராட்டஜி என்றேன்.
"அது மேல்மாடிச் சொல்," என்றாள்,
"நம் கை பட்டால் கறை தெரியும்."

துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜிக்மண்ட் சொன்னார்:
"புரோகிராம் என்று போடு.
என்னவென்று எவனுக்கும் தெரியாது.
கையெழுத்துப் போட்டுவிடுவான்."

போட்டார்.
அதே ஆறு டாலர், அதே மூன்று வாரம்.

பிப்ரவரியில் உலையை அணைத்தார்கள்.
திரும்ப ஏற்றவில்லை.
வடிக்காமல் விட்ட கண்ணாடி உள்ளேயே இறுகி,
ராத்திரியில் ஒவ்வொன்றாக வெடித்தன செங்கற்கள்.
கார் நிறுத்தும் இடம்வரை கேட்டது.

நோட்டீசில் நீண்டகால ஸ்ட்ராட்டஜி என்று இருந்தது.
அடியில், பொடி எழுத்தில், வரைவின் தேதி: ஜூலை.
புறாக்களுக்குத் தீனி போடுகிற பொறுமையோடு
மாதக்கணக்கில் யோசித்திருக்கிறார்கள்,
கதவைச் சாத்திக்கொண்டு, வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.
அந்தச் சொல்லைச் சுற்றி ஒருவரும் வட்டம் போடவில்லை.

செங்கா பணத்தைப் பிரித்துக் கொடுத்தாள்.
பதின்மூன்று வாரம், தலைக்கு எழுபத்தெட்டு டாலர்.
ஜிக்மண்ட் இரண்டு தரம் எண்ணினார்.
சந்தேகப்பட்டு அல்ல.
மூன்றாம் தரமும் எண்ணியிருப்பார்,
பின்னால் வரிசை நின்றது.

எல்லோரும் போன பிறகு
என் காரின் பானெட் மேல் போனை வைத்து
தங்கைக்கு அடித்தாள்.
பற்களால் இழுத்துக் கழற்றிய கையுறை வாயிலேயே இருந்தது.
மணி அங்கே இரவு பத்தாகியிருக்கும்.

எங்கே இருக்கே?

"எங்கே இருப்பேன், ஸ்கீமிலதான்."
பின்னால் ஒரு நாய் குரைத்தது,
யாரோ குப்பைத்தொட்டியைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள்.

லைன் தெளிவாகத்தான் இருந்தது.
செங்கா கையுறையை எடுத்துவிட்டு
இன்னொரு தரம் கேட்டாள்:
எங்கேன்னு சொன்னே?