வகைப்படுத்தப்படாதது

டேவன்போர்ட்டில் ஒருத்திக்கு இடுப்பு வலிக்கிறது.
எலக்ட்ரானிக் சிட்டியில், எட்டாவது மாடியில்,
நான் அதற்கு ஓர் எண் கொடுக்கிறேன்.
எம் ஐம்பத்து நான்கு, புள்ளி, ஐந்து, பூஜ்யம்.
எண் இல்லாத வலிக்கு அங்கே காசு பெயராது.
மணிக்குப் பதினெட்டுப் பேர்.
கழுத்து, மூட்டு, நசுங்கிய நரம்பு,
ஏணியிலிருந்து விழுந்தவர்.
வாத்து கடித்தவருக்குக்கூட ஓர் எண் உண்டு, பொய்யில்லை.

எனக்கு மாதத்தில் ஒன்பது நாள்
அடிவயிற்றில் யாரோ ஈரத்துணி பிழிகிறார்கள்.
பிழிந்து, உதறி, மறுபடி பிழிகிறார்கள்.
மெஃப்டால் தின்று தின்று இரைப்பை எரிகிறது.
அம்மாவிடம் கேஸ் டிரபிள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார் விவேக்நகர் டாக்டர்.
கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்,
இதைச் சீட்டில் எழுதவில்லை, வாயால்தான் சொன்னார்.
அதற்கு எண் இல்லை. தேடிப் பார்த்தேன்.

ஈஜிபுரா மொட்டைமாடி, விடியல் நாலரை.
சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் ஜெனிட்டா
செல்போன் வெளிச்சத்தில் விதை பொறுக்குகிறாள்,
கீரை ஆய்கிற பொறுமையோடு.
அவளுக்கு வலி ஏதும் இல்லை. தூக்கம்தான் இல்லை.
நுனியில் சுருட்டி வைக்க அட்டை கேட்டாள்.
டாக்டரின் விசிட்டிங் கார்டை நீட்டினேன்.

முதல் இழுப்பில் இருமல்.
மூன்றாவதில்
பிழிகிற கை அப்படியே நிற்கிறது,
வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல.
துணி இன்னும் அந்தக் கையில்தான்.
சொட்டுகிறது, கேட்கிறது,
ஆனால் பக்கத்து வீட்டுக் குழாய் மாதிரி.

வலிக்கிற நாளில் மட்டும் என்றிருந்தேன்.
அப்புறம் வலிக்கப்போகிற நாளில்.
அப்புறம் வியாழக்கிழமை.

நேற்று ஒரு கோப்பு. ஆண், இருபத்து நான்கு,
என் வயது. தீராத முதுகுவலி.
தினமும் கஞ்சா புகைப்பதாக ஒப்புக்கொள்கிறார்.
வலிக்காக என்கிறார்.
அந்த 'என்கிறார்' மேல்
கர்சர் பதினொரு நிமிடம் துடித்தது.
எஃப் பன்னிரண்டை மேலே போடுவதா,
வலியை மேலே போடுவதா?
எது முதலில் வந்ததோ அதுதான் முதலில், அது விதி.
எனக்கு எது முதலில் வந்தது என்று தெரியும்.
இப்போது எது முதலில் எழுப்புகிறது என்று
தெரியவில்லை.
மஞ்சுநாத் பின்னால் வந்து நின்று
டார்கெட் என்றார். ஒரே வார்த்தை.
ஆர் ஐம்பத்திரண்டு என்று அடித்துவிட்டேன்:
வலி, வகைப்படுத்தப்படாதது.
தணிக்கையில் பிடிப்பார்கள்.

கார்டில் ஆறு துண்டு கிழித்தாயிற்று.
பெயர் போனது, பட்டங்கள் போயின,
செல்போன் எண்ணில் கடைசி நான்கு போனது.
மிச்சம்: மாலை ஆறு முதல் எட்டு வரை.
என் ஷிஃப்ட் தொடங்குவதும் ஆறுக்குத்தான்.

ஜெனிட்டா பார்க்காமலே கையை நீட்டுகிறாள்.
பொறு, தீப்பெட்டியைக் கிழிக்கலாம்
என்கிறேன்.