உள்மடிப்பு

மார்பு பதினான்கு. தோள் ஏழரை.
கை கிடையாது; வலப்பக்கம் மட்டும்
சாட்டை சுழலும் தண்டுக்கு ஒரு துவாரம்.
கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஆன்டெனா.
இருபத்திரண்டு சட்டை, வியாழன் மாலைக்குள்.

ஷஹானியாவில் வெள்ளிக்கிழமை பந்தயம்.
ஒட்டகத்தின் முதுகில் உட்காரப் போவது
ஒரு ட்ரில் மோட்டார், ஒரு வாக்கி டாக்கி,
மூன்று கிலோவுக்குள் ஒரு சவாரிக்காரன்.
அவனுக்கும் பட்டுச் சட்டை, தொப்பி.
வெறும் இரும்பை ஏற்றினால் ஒட்டகம் மிரளும் என்பார்
சூடானி இத்ரீஸ்.
முதலில் வந்தவற்றுக்கு அத்தர்கூடப் பூசினாராம்.
இதை அவர் சிரிக்காமல்தான் சொல்வார்.

என் அளவுப் புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினால்
இயந்திரங்கள்.
முன்னாலிருந்து புரட்டினால் பிள்ளைகள்.
நடுவே நாலு பக்கம் வெற்றுத்தாள்:
தடை வந்த வருஷம்.
முதலாளி யாகூப் திட்டிக்கொண்டே இருந்தார்,
யாரை என்று சொல்லாமல்.
நானும்தான் திட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது?
அந்த ஆடியில் ஊருக்குப் பணம் போகவில்லை.

பழைய பக்கம் ஒன்று:
ரொபியுல். மார்பு இருபது. நீளம் பதினைந்து.
அடுத்த நோன்புக்கு: ரொபியுல், இருபது, பதினைந்து.
அதற்கடுத்த நோன்புக்கும் அதே.
டேப் இழுபட்டுவிட்டதென்று
புது டேப் வாங்கி அளந்தேன்.
இருபதுதான்.
பின்னொரு நாள் இத்ரீஸ் சொன்னார்,
கொட்டிலில் இரவுக்கு பிஸ்கட்டும் தண்ணீரும்தான்,
பந்தயத்துக்கு முந்தின நாள் அதுவும் இல்லை என்று.
டேப்புக்குத் தெரிந்தது எனக்கா தெரியாது?
தெரிந்தே மஞ்சள் பட்டில் பட்டன் வைத்தேன்.

அதனால்தான் அறையில் யாராவது
மெஷின் நம் சோற்றைப் பிடுங்குது என்றால்
சட்டென்று நான் ஆமாம் போடுவதில்லை.
போன மாதம் மரியதாஸ் சொன்னான்.
பதினோரு வருஷம் கிடங்கில் பெட்டி எடுத்தவன்.
இப்போது அலமாரிகளே நடந்து வருகின்றன,
தரையோடு ஊரும் தட்டுகளின் மேலேறி.
அந்தப் பக்கம் விளக்கே போடுவதில்லையாம்.
"இருட்டுல வேலை செய்யுது அண்ணே" என்றான்.
கூலி கேட்காததைவிட
அதுதான் அவனை உறுத்தியது.
கம்பெனியே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டது.
அவன் பெட்டி கட்ட நான் கயிறு பிடித்தேன்.
ரொபியுலைப் பற்றி வாய் திறக்கவில்லை.
வேலை போனவனிடம் போய்
வேலையிலிருந்து தப்பிய பிள்ளையைச் சொல்லி
எந்தக் கணக்கை நேர் செய்வது?

இப்போது கடை யாகூபின் மகன் கையில்.
வெட்டும் இயந்திரம் ஒன்றைத் துபாயில் பார்த்து வந்திருக்கிறான்.
துணியை விரித்தால் போதும்,
அளவெல்லாம் அதன் வயிற்றில்.
வீடியோவை எனக்கே போட்டுக் காட்டினான், பாசமாக.
அழகாகத்தான் வெட்டுகிறது. பொய் சொல்லக்கூடாது.
போகிற போக்கில் என் சட்டையொன்றைப் புரட்டிப் பார்த்தான்.
"மாஸ்டர், உள்ளே எதற்கு இரண்டு விரல் துணி?
இது என்ன வளரவா போகிறது?"

இல்லைதான்.
சின்னச் சட்டை என்றால் கை தானாக விட்டுவிடுகிறது,
பிள்ளை வளர்ந்தால் பிரித்துக்கொள்ளட்டும் என்று.
ரொபியுலின் மூன்று சட்டையிலும் விட்டிருந்தேன்.
ஒன்றைக்கூடப் பிரிக்க யாரும் வரவில்லை.
எந்த ஊரில் இருக்கிறானோ, முப்பதை நெருங்கியிருப்பான்.
என்ன அளவு போடுகிறான் இப்போது?

"பழக்கம்" என்றேன்.
சட்டைக்கு இத்தனை, மாதத்துக்கு இத்தனை மீட்டர் என்று
போனில் கணக்குப் போட்டுக்கொண்டான்.
புது மெஷினுக்கு அந்தப் பழக்கம் இருக்காது.

வெள்ளிக்கிழமை
மஞ்சள் சட்டை நாலாவதாக வந்தது,
சாட்டை இன்னும் சுழன்றபடி,
உள்ளே இரண்டு விரல் துணியோடு.