ஈரப்பதம் பதினேழு

சாம்பல் புதனன்று
கோட்டூர் கோவிலில் நெற்றியில் பூசியது
பத்து மணிக்கெல்லாம் தெரியவில்லை.
கொள்முதல் நிலையத்தில்
கருக்காய் தூற்றும் தூசி
அதன்மேல் படிந்துவிட்டது.

தவக்காலமும் சம்பா அறுவடையும்
எங்கள் பக்கம் சேர்ந்தே வரும்.
சிறு வயதில் கறியை விட்டேன்.
கல்யாணமானபின் மீனை.
போன வருஷம் டீயைக்கூட.
விட்டதையெல்லாம் விரல் மடக்கி எண்ணுவேன்,
ஆண்டவர் பக்கத்தில் உட்கார்ந்து
கூட்டிப் பார்க்கிறார் என்ற நினைப்பில்.

மூட்டை நாற்பது கிலோ.
மூட்டைக்கு நாற்பது ரூபாய்.
தவம் நாற்பது நாள்.
பட்டியல் எழுத்தர் நான்,
இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில்
எழுதிப் பார்த்ததில்லை
பதினோரு வருஷமாய்.

பீடத்துக்கு ஒரு பித்தளை விளக்கு
அந்த நாற்பதில்தான் வாங்கினேன்.
'உபயம்: ம. சூசைநாதன் குடும்பம்.'
எழுத்து வெட்டியவனிடம் பேரம் பேசவில்லை.
பூசையில் கடைசியாக முழங்காலிலிருந்து எழுவதும் நான்தான்.
முற்றினால் கதிர் சாயும் என்பார்கள்.
யூரியா கூடினாலும் சாயும்,
இங்கே எந்த விவசாயியும் சொல்வான்.

அன்று பவுனம்மாள் நெல்.
மூன்று நாளாய் ரோட்டோரத் தார்ப்பாயில் கிடந்தது.
ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட்டேன்.
பத்தொன்பது புள்ளி நாலு.
கேட்கும் முன்பே
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
நனைந்து காய்ந்த நோட்டுகள்.

வேண்டாம் என்றேன்.
வானம் திறக்கவில்லை.
கடன் இல்லையென்று கதவடைக்கிறவன் குரல் மாதிரிதான்
என் குரல் இருந்தது.
"கூட வேணுமா சார்?" என்றாள்.

இத்தனை வருஷம் சொன்ன ஜெபமாலைக்கெல்லாம்
அந்தக் கேள்விதான் ரசீது.

பத்தொன்பதைப் பதினேழு என்று எழுத முடியாது.
காசு வாங்காமல் எழுதினாலும்
பொய் பொய்தான்.
பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு
நெல்லில் இறங்கினேன்.
அவள் அந்த ஓரம், நான் இந்த ஓரம்,
காலை இழுத்து இழுத்து
சால் போட்டுக் கிளறினோம்.
உமிச்சுணை கணுக்கால்வரை அரித்தது.
சுமைக்காரர்கள் சிரித்தார்கள்.
வீரக்குமார் மட்டும் சிரிக்கவில்லை,
அவன் பங்கும் போயிற்றே.
மேலே போகவேண்டியதும் போகாது.
சித்திரைக்குள் இடமாற்றம் வரும்.
மகளின் பள்ளிக்கூடம்,
வண்டித் தவணை, எல்லாம்
சாலுக்குச் சால் நினைவுக்கு வந்தது.

மூன்று மணிக்குப் பதினெட்டு.
நாலரைக்குப் பதினேழு புள்ளி ஒன்று.
கிழக்கே மேகம்.
அந்தப் புள்ளி ஒன்றுக்காக
இரண்டு பேரும் பேசாமல் நின்றோம்.

அவள் மூட்டைகள் ஏறின.
நன்றி சொல்லவில்லை அவள்.
எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள்,
எண்ணத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை காலை
பெருகவாழ்ந்தான் ஆள் ஒருவர்
மடித்த நோட்டை மேஜைமேல் நகர்த்தினார்.
என் கை தானாக எழுந்தது.

பாதி வழியில் நின்று,
பேனா மூடியைத் தேடுவதுபோல்
மேஜையைத் தடவிவிட்டு
இறங்கியது.