கூப்பிட முடியாத இருவர்

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
கொலுசுக் கடைக்கும் தட்டுவடை வண்டிக்கும் நடுவே
ஆறடிக்கு நாலடி என் கடை.
உடைந்த கண்ணாடி மாற்றுவது தொழில்.
மற்றதெல்லாம் கேட்டு வருபவர்களுக்கு மட்டும்.

மாசியில் அப்படி இரண்டு பேர் வந்தார்கள்,
ஒரே வாரத்தில், ஒருவரையொருவர் அறியாமல்,
ஒரே வாக்கியத்தோடு:
"கம்பெனிக்காரன் இல்லாத போன் வேணும்."

இருதயநாதன் நாகலூரிலிருந்து இறங்கி வந்திருந்தார்.
காப்பித் தோட்டத்தில் பம்பு பார்ப்பவர்.
சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர், நகத்தில் கிரீஸ்.
ஆறு வருடப் பழைய போனைப் போட்டு
"இதுல லினக்ஸ் ஏத்திக் குடுங்க, நான் உள்ள போய் வரணும்" என்றார்,
ஏதோ கிணற்றைச் சொல்வதுபோல.

கேமரா வராது, என்றேன்.
சரி.
பணம் அனுப்ப முடியாது.
சம்பளம் கவர்ல வருது.
மத்தியானத்துக்குள்ள சார்ஜ் தீந்துரும்.
ஷெட்டுமேல சோலார் இருக்கு.
கால் வந்தா சில சமயம் அடிக்காதுங்க.
அதற்குத்தான் சிரித்தார்.
"பதினோரு வருசமா அடிச்சுது.
ஒரு நல்ல சேதி சொல்லலியே."

அமிர்தகௌரி இரவுப் பணி முடித்து நேராக வந்தாள்.
போனை மேசையில் வைக்கவில்லை;
செத்த எலியை வாலில் பிடித்தாற்போல் நீட்டினாள்.
அவள் எந்தத் தெருவில் திரும்பினாலும்
ஈரோட்டில் ஒருவனுக்குத் தெரிந்துவிடுகிறது.
வாங்கித் தந்தவன் அவன், கணக்குத் திறந்தவன் அவன்,
கடவுச்சொல் கல்யாணத் தேதி.
புதுக் கணக்கு போதுமே, என்றேன்.
"கணக்கே வேண்டாம்" என்றாள்.

இருதயநாதனுக்குப் போட்டதை எடுத்துக் காட்டினேன்,
கொஞ்சம் பெருமையாகவே.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.
"ராத்திரி ரெண்டு மணிக்கு அடிக்குமா?"
சொல்ல முடியாது.
"எனக்குப் பிரசவ வார்டு" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை. நானும் மூடி வைத்தேன்.

அவளுக்கு ஆண்ட்ராய்டை அப்படியே விட்டு
உள்ளே குடியிருந்த கம்பெனியை மட்டும் காலி செய்தேன்.
அதே வீடு, அதே சன்னல்;
சாவித்துவாரத்தில் கண் இல்லை.
அவருக்குத் தந்தது வீடே அல்ல.
மனை, செங்கல், ஒரு கொத்துக்கரண்டி.
எது ஒசத்தி என்று கடைப்பையன் கேட்டான்.
மழைக்கு நிற்பவளிடமும் கட்டிப் பார்ப்பவரிடமும்
போய்க் கேள், என்று சொல்லியிருக்கலாம்.
டீ வாங்கிவரச் சொன்னேன்.

வங்கியின் ஆப்பைத் திறந்து பார்த்தாள்.
"உங்கள் சாதனம் பாதுகாப்பானது அல்ல."
இரண்டு முறை படித்தாள்.
"இவ்வளவு நாள் பாதுகாப்பாவா இருந்தேன்?"
திங்கட்கிழமை வரிசையில் நின்றுகொள்கிறேன் என்று
பில்லில் நம்பர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுப் போனாள்.
சார்ஜரை மறந்துவிட்டாள்.

அவருக்கான பேட்டரி பங்குனியில் வந்தது.
நான்கு முறை அழைத்தேன். போகிறது, அடிக்கவில்லை போல.
கடைசியில் ஏற்காடு பஸ் கண்டக்டரிடம் சீட்டு ஒன்று கொடுத்தேன்.
"போன் கடை வெச்சிருக்கீங்க, ஒரு போன் போடக் கூடாதா?"
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன சீட்டு
மறுநாள் முதல் வண்டியில் பதிலோடு இறங்கியது:
*மோட்டார் நான் எழுதின நேரத்துக்கு நிக்குது.
மூணு நாளா. மண்ணு காஞ்சா அதுவே ஓடுது.
பேட்டரிக்கு அவசரமில்ல.*

என் போனைப் பற்றிக் கேட்காதீர்கள்.
என் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் என்னிடமே
இந்த இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்கிறது.

சார்ஜர் ஆணியில் தொங்குகிறது.
நேற்றுச் சாயங்காலம், விளக்குப் போடும் நேரம்,
கூட்டத்தில் வெள்ளைச் செருப்போடு ஒருத்தி போனாள்.
அவள்தானா, தெரியவில்லை.
நான் கூப்பிடவில்லை.